ஒரு நாடு 'முடியாது' என்றால் எட்டு நாடும் சும்மா இருக்கணுமா?

எங்கள் கூட்டாளிகள் பலபேருக்கு உயர்தர டியூஷன் காசு குவைத்திலிருந்தோ சவூதியிலிருந்தோதான் வந்தது. ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்துச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. அதனால் அம்மா வீட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறார்.

அந்த அம்மாவுக்கும் சார்க் அமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

2014 நவம்பரில் காத்மண்டுவில் நடந்த சார்க் உச்சி மாநாட்டில், வெளிநாடு போகும் தெற்காசியத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகச் சேர்ந்து வேலை செய்வோம் என்று எட்டு நாட்டுத் தலைவர்களும் பிரகடனத்தில் சொன்னார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு உச்சி மாநாடுகூட நடக்கவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, உரி தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் இன்னும் சில நாடுகளும் வரமாட்டோம் என்றதால் நின்றுபோனது. இந்தியா பாகிஸ்தான் சண்டையில் எங்க வீட்டு ஆட்களின் விஷயமும் மாட்டிக்கொண்டது.

காரணம் சார்க் சாசனத்திலேயே இருக்கிறது. எந்த மட்டத்திலும் முடிவு ஏகமனதாகத்தான் எடுக்கப்பட வேண்டும் என்கிறது 10ஆம் உறுப்புரை. இரண்டு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் பேசவே கூடாது என்றும் சொல்கிறது. ஒருத்தர் தலையாட்டாவிட்டால் எல்லாம் நிற்கும்.

இதனால் நஷ்டம் யாருக்கு? இன்றைக்கு இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் எல்லாம் வளைகுடா நாடுகளோடு தனித்தனியாகப் பேரம் பேசுகின்றன. ஒரு நாடு பணிப்பெண்களுக்குக் கொஞ்சம் கூடச் சம்பளம் கேட்டால், ஏஜென்சிகள் அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே குறைந்தபட்சச் சம்பளமும் ஒரே மாதிரி ஒப்பந்தமும் கேட்டால்தான் பேரம் பலிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். வரி, வெளியுறவு போன்றவற்றுக்கு அங்கேயும் ஏகமனம் வேண்டும். ஆனால் அமைச்சர்கள் சபையில் பெரும்பாலான சட்டங்களுக்கு இரட்டைப் பெரும்பான்மை போதும். நாடுகளில் 55 சதவீதம் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். தடுப்பதென்றால் குறைந்தது நான்கு நாடுகளாவது சேர வேண்டும். இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சார்க் மக்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பாடங்களை எடுக்கலாம்: பெரிய நாடு தனியாக நினைத்ததைச் செய்யவும் கூடாது, எந்த நாடும் தனியாகத் தடுக்கவும் கூடாது. முதலில் தொழிலாளர் இடப்பெயர்வு விஷயத்தில் மட்டுமாவது எட்டில் ஐந்து நாடு சரி என்றால் போதும் என்று வைக்கலாமே.

"பெரும்பான்மை முடிவைப் பற்றி மலையகத்துப் பிள்ளைகளா பேசுறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் பாராளுமன்றப் பெரும்பான்மையில்தான் நிறைவேறியது. அடுத்த வருஷம் எங்கள் தாத்தா பாட்டிமாரின் வாக்கும் போனது. கை தூக்கியவர்களை எண்ணினால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் 1964ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் முழுச் சம்மதத்தோடுதான் கையெழுத்துப் போட்டன. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். நாடுகளுக்கு ஏகமனம் இருந்தது. ரயில் ஏற வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. ஏகமன விதி அரசாங்கத்தைத்தான் காப்பாற்றும், அரசாங்கம் கைவிட்டவர்களைக் காப்பாற்றாது.

அதனால் பெரும்பான்மையோடு இன்னொன்றும் வேண்டும்: பாதிக்கப்படுகிறவருக்கும் ஒரு வாக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு வாக்கு. அரசுக்கு இரண்டு, முதலாளிமாருக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று. தொழிலாளர் பிரதிநிதி தன் அரசுக்கு எதிராகவும் வாக்களிக்கலாம். சமவாயம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு போதும். 2011இல் வீட்டுப் பணியாளர் சமவாயம் 396 ஆதரவு, 16 எதிர்ப்பு என்று நிறைவேறியது அப்படித்தான். ஏகமனம் வேண்டும் என்றிருந்தால் அது அந்த மண்டபத்தைவிட்டு வெளியே வந்திருக்காது.

சார்க் திரும்பக் கூடுமா என்று தெரியாது. கூடினால், வேறு ஒரு கூட்டமைப்பு வந்தாலும் சரி, நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தொழிலாளர் விஷயத்தில் தனி நாட்டுத் தடை வேண்டாம், மேசையில் தொழிலாளருக்கும் ஒரு வாக்கு வேண்டும். இலங்கையும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். குவைத்தில் இருக்கும் அம்மாவால் இங்கே நடக்கும் தேர்தலில் அங்கிருந்து வாக்களிக்க முடியாது. 1949இல் பாட்டிக்குப் போன வாக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் வீட்டுக்குத் திரும்பியது. விமானம் ஏறிய அம்மாவுக்கு அது இன்னும் கைக்கு எட்டவில்லை.