படத்தில் உள்ள வீடும் பத்திரத்தில் உள்ள வீடும்

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்க எண்ணும் குடும்பத்தார் இன்று முதலில் காண்பது பெரும்பாலும் ஒரு படத்தையே. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, தேவனஹள்ளி என நகரம் விரியும் திசையெங்கும் விற்பனை அலுவலகங்களில் அகன்ற திரைகள் ஒளிர்கின்றன. பளிங்குத் தரையில் காலை வெயில் சாய்கிறது. மெல்லிய திரைச்சீலை அசைகிறது. சமையல் மேடையில் பழக்கூடை இருக்கிறது. அதே வேளையில் அந்த மனையில் அடித்தளம் தோண்டும் பணி மட்டுமே நடந்துகொண்டிருக்கலாம்.

இப்படங்களை உருவாக்குவோரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. இது கடும் உழைப்பைக் கோரும் தொழில். கட்டட வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, சுவர்களை எழுப்பி, மரம், கல், துணி ஆகியவற்றின் தோற்றத்தைப் பொருத்தி, ஒளி விழும் திசையைக் கணக்கிட்டு ஒவ்வொரு படத்தையும் அவர்கள் ஆக்குகிறார்கள். அசைபடமாயின் நொடிக்கு 25 படங்கள் வீதம் ஒரு நிமிடத்துக்கு 1,500 படங்கள் தேவை. சுவீடனில் பிறந்த ஐகியா நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஒரு நாற்காலியின் கணினிப் படத்தை முதன்முதலாக வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குள் அதன் பொருட்படங்களில் பெரும்பகுதி கணினியிலேயே உருவாகத் தொடங்கியது. ஆயினும் ஐகியாவின் நாற்காலியைக் கடையில் தொட்டுப் பார்க்கலாம், அமர்ந்தும் பார்க்கலாம். கட்டப்படாத வீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

புகைப்படக்காரர் அறையின் சுவரோடு நின்றுவிட வேண்டும். கணினிக்குள் இருக்கும் கேமராவுக்கு அந்தத் தடை கிடையாது. சுவரை நீக்கிவிட்டு அதற்கு அப்பால் நின்றும் அது அறையைக் காட்டும். அகலக் கோணத்தில் 10 அடி அறை கூடம்போலத் தோன்றும். கட்டிலைச் சற்றுச் சிறிதாக வரைந்தால் நடக்கும் இடம் பெருகும். வடக்கு நோக்கிய சன்னலிலும் ஆண்டு முழுவதும் வெயில் பாயும். இவ்வளவுக்கும் ஈடாகப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கலைஞரின் கற்பனை’ என்று ஒரு வரி இருக்கும்.

கடன் விண்ணப்பம் வங்கிக்கு வரும்போது இப்படங்களுக்குக் கோப்பில் இடமில்லை. நாங்கள் பார்ப்பவை தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், ரெரா பதிவெண், மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை. வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து மனத்தில் முடிவெடுக்கிறார். வங்கி பத்திரத்தைப் பார்த்துக் கடன் வழங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் சுமை முழுவதும் வாடிக்கையாளர் தோளில் விழுகிறது. 1 கோடி ரூபாய் வீட்டுக்கு 75 லட்சம் ரூபாய் கடனாகப் பெற்று, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 65,000 ரூபாய்; மொத்தமாகச் செலுத்துவது ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் ரூபாய். படத்தில் கண்ட அறை நேரில் சுருங்கினாலும் தவணை சுருங்குவதில்லை.

சட்டம் இதில் வாங்குவோர் பக்கம் நிற்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ தரப்பட்ட தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவருக்கு இழப்பீடு பெறும் உரிமையை அளிக்கிறது. அவர் விலக விரும்பினால் செலுத்திய தொகையை வட்டியுடன் திரும்பப் பெறவும் வழி செய்கிறது. 13ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டுமானத்தின் படிநிலைக்கு ஏற்பவே வீட்டுக்கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் 2013ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளது.

எனினும் உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். ஆகவே எங்கள் கருத்து இது: விற்பனைக்குக் காட்டப்படும் ஒவ்வோர் உள்ளறைப் படத்திலும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ள நீளமும் அகலமும் தெளிவான எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். காணும் பொருள்களுள் எவை விலையில் அடங்கும், எவை அடங்கா என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும். அப்படமும் பொருள்பட்டியலும் விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பாக அமைய வேண்டும்.

கட்டுநர்கள் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். கட்டி முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஒரு வகைக் கல்லோ ஓடோ சந்தையில் கிடைக்காமற் போகலாம் என்பார்கள். அது நியாயமே. ‘இதற்கு நிகரான தரமுடைய பொருள்’ என்று எழுதிக்கொண்டால் அச்சிக்கல் தீர்ந்துவிடும். அறையின் அளவுக்கும் சன்னல் இருக்கும் இடத்துக்கும் சந்தை நிலவரம் காரணமாகாது. நேர்மையாகக் கட்டுவோருக்கு இவ்வழக்கத்தால் இழப்பு ஒன்றுமில்லை. மிகைப்படுத்தி விற்போரிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்ட அது உதவும்.

இவ்வழக்கம் வரும்வரை வாடிக்கையாளர்கள் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொண்டு திட்டத்தைத் தேடி, அங்குள்ள வரைபடத்தையும் கார்ப்பெட் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். தனி உரிமையுள்ள பால்கனி அந்தப் பரப்பில் சேராது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். காட்டப்பட்ட படங்களையும் கையேட்டையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். பிறகு, இப்போது குடியிருக்கும் வீட்டின் தரையில் புதிய படுக்கையறையின் நீள அகலத்தைச் சாக்பீசால் கோடிட்டு, அதற்குள் உங்கள் கட்டிலையும் பீரோவையும் நகர்த்திப் பாருங்கள். பீரோவின் கதவு முழுதும் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.