அரங்கேற்றத்துக்குச் சபை வேண்டும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுக் காலம் கலைகளைக் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் ஆட வந்து நிற்கும் மாதவியைக் காண ஆவலோடு செல்கின்ற வாசகனை இளங்கோவடிகள் உடனே அரங்குக்குள் அழைத்துச் சென்றுவிடுவதில்லை. ஆடலாசிரியனுக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தொடங்கி, இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை வாசிப்போன், குழலூதுவோன், யாழ் மீட்டுவோன் ஆகிய ஒவ்வொருவருடைய யோக்கியதையையும் நிதானமாக எடுத்துரைத்து, பிறகு மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று மூங்கிற் கோல் கொண்டு அளந்து காட்டி, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிற்க வேண்டும் என்பது வரையில் கவலைப்பட்ட பின்னரே, அந்தப் பெண் வலக்காலை முன்வைத்து அரங்கில் ஏறுகிறாள். ஆட்டம் கண்ட அரசன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் மாலையும் 1008 கழஞ்சு பொன்னும் அளிக்கிறான். அளிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு மறுக்கும் அதிகாரமும் இருந்தது. ஆசிரியர்களையும் அரங்கத்தையும் இத்தனை நுணுக்கமாக நிறுத்துப் பார்த்த ஒரு சபை, ஆடியவளை மட்டும் நிறுக்காமல் விட்டிருக்கும் என்று எண்ண இடமில்லை.

இன்று சென்னையிலும், கோயம்புத்தூரிலும், கடல் கடந்து தமிழர் குடியேறிய நகரங்களிலும் நடைபெறுகின்ற அரங்கேற்றங்களில், அரங்கமும் விளக்கும் மாதவியின் காலத்துக்குச் சற்றும் குறைந்தவையல்ல. பக்கவாத்தியக்காரர்களும் பெரும்பாலும் நல்ல வித்துவான்களே. இல்லாமற் போனது அந்தச் சபை ஒன்றுதான். முன் வரிசைகளில் அமர்ந்திருப்போர் குழந்தையின் உறவினர்கள், தகப்பனாரின் அலுவலக நண்பர்கள், தாயாரின் தோழியர், பள்ளிச் சிநேகிதிகள் முதலியோர். எல்லோரும் அன்பினால் வந்தவர்கள். எல்லோரும் ஆசீர்வதிக்கவே வந்தவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் 'இந்தப் பெண் இன்னும் ஓராண்டு பயில வேண்டும்' என்று சொல்லத் தெரிந்தவர் அநேகமாக ஒருவரும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் தப்பித்தவறி வந்திருந்தாலும், பட்டும் பூவும் பரிசுமாக விளங்கும் அந்த மாலையில் அதைச் சொல்வது அமங்கலமாகிவிடும். தோல்விக்கு இடமே வைக்காத ஒரு பரீட்சையில் பெறும் தேர்ச்சிக்கு என்ன பொருள் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

இது பற்றி எழுதுவோர் வழக்கமாகச் செலவைக் கண்டிப்பார்கள். ஆடைகளுக்கும் நகைகளுக்கும் மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் ஒரு கல்யாணத்துக்கு ஆகும் தொகை கரைவது உண்மையே. ஆயினும் பெற்றோர் தம் மகளுக்காக மனமுவந்து செய்யும் செலவைப் பற்றி மூன்றாம் மனிதர் குறைப்படுவதில் எனக்கு அதிக உற்சாகமில்லை. எளிமையாக நடந்த அரங்கேற்றங்களிலும் மேற்சொன்ன குறை இருக்கக் கண்டிருக்கிறேன். ஆகவே செலவு நோய்க்கு மூலமன்று.

பழைய முறையை நினைத்து ஏங்குவோர், அது எத்தகைய வாழ்க்கைக்கு வாயிலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மன்னன் தந்த மாலையை ஒரு கூனி நகர வீதியில் விலை கூறி நின்றதும், கோவலன் அதை வாங்கிக்கொண்டு மாதவியின் மனை புகுந்ததும் அதே காதையில்தான் வருகின்றன. பிற்காலத்திலும் கோயிற் பணிக்குப் பொட்டுக் கட்டப்பெற்ற பெண்ணுக்கு அரங்கேற்றம் என்பது அவள் ஜீவனத்தின் தொடக்கமாக இருந்தது. அந்த ஜீவனத்தின் கொடுமைகளைக் கண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அந்த ஏற்பாடு போனது நன்று. ஆனால் அந்தப் பெண்கள் பிறந்த சமூகத்தின் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகத் திரண்டிருந்த செவியும் கண்ணும் அதனுடன் சேர்ந்து சிதறிப்போனது நமக்கு நேர்ந்த நஷ்டம். அவற்றை உடையவர்களுக்கோ அது நஷ்டம் மாத்திரமன்று, அநீதியும்கூட.

அத்தகைய ஓர் இல்லத்தில் பிறந்த நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1925-ஆம் ஆண்டு, ஏழாவது வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் சந்நிதியில் அரங்கேறினார். ஏழு வயதுக் குழந்தை நாயகியின் விரகத்தை எவ்வாறு உணர்ந்திருக்க முடியும் என்று கேட்பவர்கள், அக்குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தது என்பதை நினைக்க வேண்டும். பாட்டியார் வீணை தனம்மாள். தாயார் ஜயம்மாள் பாடகி. குரு கந்தப்பப் பிள்ளை, தஞ்சை நால்வரின் மரபில் வந்தவர். பொருள் புரிவதற்கு நெடுங்காலம் முன்பே பதங்களின் ராகமும் நடையும் அந்தச் செவியில் ஊறிவிட்டிருந்தன. அவர் பிழை செய்திருந்தால் அதைக் கண்டுகொள்ள வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. வீட்டிலேயே சபை இருந்தது. 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடியதையொட்டி, அதுகாறும் இக்கலையை எட்டி நின்று பார்த்த குடும்பங்களின் பெண்களும் சதங்கை கட்டத் துணிந்தார்கள். பந்தநல்லூரிலிருந்தும் வழுவூரிலிருந்தும் வந்த நட்டுவனார்கள் சென்னையில் அவர்களுக்குக் கற்பித்தார்கள். அடவுகள் புதிய வீடுகளுக்குள் வந்துசேர்ந்தன. அடவைச் சரிபார்க்கும் பாட்டிமார் வந்துசேரவில்லை.

அரங்கேற்றம் எதைப் பரீட்சிக்கிறது என்பதை அறிய வர்ணத்தைக் கவனித்தாற் போதும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சைச் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தித் தந்த வரிசையில், அலாரிப்பில் உடல் விழித்து, ஜதிஸ்வரத்தில் தாளத்தோடு பழகி, சப்தத்தில் சொல்லுக்கு முகம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அரை மணியோ முக்கால் மணியோ இடைவிடாமல் நீளும் வர்ணம் வருகிறது. திருவாரூர்த் தியாகேசர்மீது அமைந்த 'மோகமான' என்ற பைரவி வர்ணத்தையே எடுத்துக்கொள்வோம். திரிகால ஜதியில் நட்டுவாங்கத்தின் தாளமும் மிருதங்கமும் காலும் ஒன்றாக விழுந்து அறுதி முடிந்த அந்தக் கணமே, மூச்சு இரைக்கும் மார்பை மறந்து, பிரிவால் தளர்ந்த நாயகியாகச் சபையை நோக்கிக் கண்ணைத் திருப்ப வேண்டும். தீர்மானம் எனப்படும் இத்தகைய ஜதிகளில் இரண்டாவது வரையில் பெரும்பாலான பெண்கள் தாக்குப்பிடிப்பார்கள். மூன்றாவதில் அரைமண்டி இரண்டு விரற்கடை எழும்பும்; நான்காவதில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவதை விட்டு முன்னோக்கும், குதிகால் தாளத்துக்கு ஓர் இழை பிந்தி இறங்கும், உதட்டுச் சிரிப்பு மட்டும் மாறாமல் அப்படியே நிற்க, கண்கள் நட்டுவாங்கம் செய்பவரின் கைக்குத் தாவும். சரணத்துக்கு வந்து காலம் துரிதமாகும்போது, இந்தக் குழந்தை இன்னும் ஆடுகிறதா அல்லது மனப்பாடம் செய்ததை முடித்துவிட ஓடுகிறதா என்பது அறிந்தவர் கண்ணுக்கு ஒளியாது.

சஞ்சாரியிலோ வேறொரு சோதனை இருக்கிறது. ஒரே சாகித்திய வரியைப் பாடகர் ராகத்தின் வெவ்வேறு முகங்களைக் காட்டித் திரும்பத் திரும்பப் பாட, அதற்கு இசைந்து அபிநயமும் கிளை விட்டு வளர வேண்டும் என்பதே சம்பிரதாயம். இன்று இந்த வரி இத்தனை முறை, மயில் இரண்டாவதில், நிலவு நான்காவதில் என்று எண்ணி வைத்துவிடுகிறார்கள். ஒத்திகையும் பல இடங்களில் ஒன்றிரண்டோடு முடிந்துவிடுகிறது. பாடகர் உற்சாகத்தில் ஓர் ஆவர்த்தனம் கூடுதலாகப் பாடிவிட்டால் பெண் திகைத்துப்போகிறாள். என்னைக் கேட்டால், அரங்கேறத் தகுதி வந்துவிட்டதா என்று அறிய இதைக் காட்டிலும் நல்ல அளவுகோல் வேறில்லை: எதிர்பாராமல் ஒரு வரி கூடினால், அந்த வரியை அவளால் தன் பாவத்தால் நிரப்ப முடிகிறதா? முடியுமாயின், எத்தனை உருப்படி தெரியும் என்ற கணக்கே வேண்டாம். முடியாதாயின், நாற்பது உருப்படி தெரிந்திருந்தும் பயனில்லை.

வர்ணம் முடிந்தவுடன் நம் மண்டபங்களில் நடப்பதை நினைத்தால் மனம் நோகிறது. திரை விழுகிறது, ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது, பிரமுகர்கள் மேடையேறுகிறார்கள். வியர்வை உலராத பெண், அவசரமாக உடை மாற்றிக்கொண்டு வந்து, பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் கைமாறும் வரையில் சலங்கைக் காலோடு கைகூப்பி நிற்கிறாள். உடல் குளிர்ந்து தசைகள் இறுகிப்போகின்றன. அதற்குப் பின் அவள் ஆட வேண்டியது பதம். மார்க்கம் எனப்படும் இந்த உருப்படி வரிசை முழுவதிலும் மிக நுண்ணியதும், ஓடியாடிய களைப்பு தெளிவாகக் கனிந்து அமைதியாக மாறிய நிலையில்தான் பிறக்கக்கூடியதுமான அபிநயம். பாலசரஸ்வதி அம்மையார் 1975-ஆம் ஆண்டு தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் இந்த வரிசையைக் கோபுரம், மண்டபம், கர்ப்பக்கிருகம் என்று கோயிலுக்குள் செல்லும் வழியாகக் கண்டு விளக்கினார். அந்த வழியின் நடுவில் வாழ்த்துரைக்கு மேடை போடும் உரிமை யாருக்கும் இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஆசிரியர்களின் அசிரத்தை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் நியாயமன்று. அரங்கேற்றத்தின் தேதியை இன்று நிச்சயிப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்பாக முடித்துவிட வேண்டும், தவறினால் பன்னிரண்டாம் வகுப்புக்குள் போகுமுன். அமெரிக்காவிலிருந்தால் கல்லூரி விண்ணப்பம் எழுதுவதற்கு முந்திய கோடை விடுமுறையில். கால் பண்பட்டதா என்ற கேள்வி இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. அதோடு, ஆசிரியையின் ஜீவனமும் சேர்ந்துகொள்கிறது. மாதச் சம்பளம் வகுப்பு நடத்தும் இடத்தின் வாடகைக்குக் காணாது. சபாக்களில் ஆடினால் வரும் சன்மானம் பக்கவாத்தியத்துக்கே பற்றாது. ஆண்டுக் கணக்கில் பாடுபட்டுக் கற்பித்த உழைப்புக்கு ஓரளவு தொகை கையில் சேர்வது அரங்கேற்றத்தின்போதுதான். அப்படியிருக்க, 'குழந்தை இன்னும் தயாராகவில்லை' என்று சொல்லும் ஆசிரியை, தன் வருவாயைத் தானே தள்ளிப்போடுவதோடு, கோபித்துக்கொண்டு வேறு வகுப்புக்குப் போகக்கூடிய மாணவியையும் இழக்கத் துணிய வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் சாப்பாட்டையே அந்தத் தீர்ப்போடு கட்டிவைத்துவிட்டு, நடுநிலையை அவரிடம் எதிர்பார்ப்பது நாம் செய்யும் பிழை.

ஆதலால் சீர்திருத்தம் பெற்றோரிடத்திலிருந்துதான் தொடங்க முடியும். மாதச் சம்பளத்தை உழைப்புக்கேற்ப உயர்த்திக் கொடுத்து, அரங்கேற்ற நாளின் தட்சிணையை வெறும் மரியாதையாகக் குறைத்துவிட்டால், ஆசிரியையின் வாய்க்குப் பூட்டு இராது. குடும்பத்தின் மகிழ்ச்சிக்குச் சலங்கை பூஜை என்ற அழகான சடங்கு இருக்கவே இருக்கிறது. உறவினரை அழைத்து, இரண்டு மூன்று உருப்படிகள் ஆடச் செய்து, விருந்தும் வாழ்த்துரையும் புகைப்படமும் வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளலாம். அரங்கேற்றத்தை அதனின்றும் பிரித்து, ஒரு கோயில் மண்டபத்திலோ சிறிய கூடத்திலோ, வேறு பாணியைச் சேர்ந்த ஆசிரியர் இருவர், ஒரு நல்ல பாடகர், லயம் அறிந்த ஒரு மிருதங்க வித்துவான் ஆகியோர் முன்னிலையில் முழு மார்க்கத்தையும் இடையீடின்றி ஆட விட வேண்டும். அவர்கள் ஆட்டத்துக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெண்ணிடமும் குருவிடமும் ஒளிவு மறைவின்றித் தம் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும். 'ஆகட்டும்' என்றால் பொது மேடை. 'இன்னும் கொஞ்சம்' என்றால் இன்னும் கொஞ்சம்.

இளம் மனம் புண்படாதா என்பார்கள். தேர்வுத் தாளில் அரை மதிப்பெண் குறைந்ததற்கு ஆண்டு முழுவதும் கடிந்து பழகிய நம் வீடுகளில், நாட்டியத்துக்கு மட்டும் இந்தப் பரிவு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. குழந்தைகள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். தம்மைப் பொருட்படுத்தி ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதே அவர்களுக்குக் கௌரவம். உள்ளபடியே அவர்களைப் புண்படுத்துவது, கைதட்டல் ஓய்ந்த மறுவாரம் வகுப்பு நின்று, உடைகள் மடித்துப் பெட்டிக்குள் போய், பத்தாண்டுப் பயிற்சி ஒரு புகைப்படத் தொகுப்பாக முடிந்துபோவது. நன்றாக ஆடக்கூடிய பெண்கள் பலர் இவ்வாறு நின்றுபோனதைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதல் அரங்கில் தேறாமல் போயிருந்தால் அவர்களில் சிலர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்க்கக் கிளம்பும் தாய் தந்தையரே, முன்பணம் கட்டுமுன் குருவிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். 'பணத்தையும் தேதியையும் மறந்துவிட்டுச் சொல்லுங்கள், இவள் தயாரா?' என்பது முதற் கேள்வி. இரண்டாவது கச்சேரியை எப்போது, எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்தது. இரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்கும் வரையில் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.