உளவாளிகளுக்கு எஜமான் யார்?

தென் கொரியாவின் உளவு ஸ்தாபனத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். "ஆள் கெட்டவன், நல்லவனை வைத்தால் சரியாகிவிடும்" என்று கனவான்கள் சமாதானம் சொல்கிறார்கள். அப்படித்தானா? சரித்திரத்தைக் கேட்போம்.

1961 மே மாதம் பார்க் சுங் ஹீயின் ராணுவக் கோஷ்டி ஆட்சியைப் பறித்தது. அடுத்த மாதமே மத்திய உளவு ஸ்தாபனம் முளைத்தது. தேசத்தின் எதிரிகளைக் கண்டுபிடிக்க என்றார்கள். கண்டுபிடித்த எதிரி யார்? தொழிலாளி! இருந்த சங்கங்கள் கலைக்கப்பட்டன. உளவு ஸ்தாபனம் பொறுக்கியெடுத்த ஆட்களைக் கொண்டு புதுச் சம்மேளனம் கட்டப்பட்டது.

1979 ஆகஸ்டில் சியோலில் ஒய்.எச். என்ற டோப்பா கம்பெனியை மூடினார்கள். சுமார் 200 பெண் தொழிலாளர்கள் வேலை கேட்டு எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். விடியுமுன் போலீஸ் பாய்ந்தது. ஓர் இளம் பெண் பிணமானாள். இடம் கொடுத்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் யுங் சாம் அக்டோபரில் சட்டசபையிலிருந்து விரட்டப்பட்டார். பூசானிலும் மாசானிலும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். எப்படி அடக்குவது என்று மேலிடத்தில் சண்டை! அக்டோபர் 26 இரவு, விருந்து மேஜையிலேயே, உளவுத் தலைவர் கிம் ஜே கியூ தன் எஜமான் பார்க்கைச் சுட்டுக் கொன்றார்.

ஆள் போனான், அமைப்பு போயிற்றா? 1980 ஏப்ரலில் ஜெனரல் சுன் டூ ஹ்வான் அந்த நாற்காலியைப் பிடித்தார். அடுத்த மாதம் குவாங்ஜு நகரில் ரத்தம் ஓடியது.

ஸ்தாபனத்தின் பெயரை 1981ல் மாற்றினார்கள். 1999ல் மறுபடி மாற்றினார்கள். குணம்? 2012 ஜனாதிபதித் தேர்தலில் உளவாளிகள் ஆளுங்கட்சிக்காக இன்டர்நெட்டில் பிரசாரம் எழுதினார்கள். தலைவர் வொன் செய் ஹூனுக்கு 2018ல் நான்காண்டுச் சிறை உறுதியாயிற்று. அத்தேர்தலில் வென்றவர், சுடப்பட்ட பார்க்கின் மகள் பார்க் குன் ஹே. ரகசிய நிதியை அவர் மாளிகைக்குக் கொடுத்ததற்காக, அவர் காலத்துத் தலைவர்கள் மூவரும் தண்டிக்கப்பட்டார்கள்.

2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். அரசியல்வாதிகளைப் பிடிக்கும்படி தனக்கு உத்தரவு வந்ததாக உளவு ஸ்தாபன உதவித் தலைவர் ஹோங் ஜாங் வொன் வெளியிட்டார். அவர் வேலை பறிபோயிற்று.

தலைவரை வைப்பதும் ஜனாதிபதி, நீக்குவதும் ஜனாதிபதி. முதலாளி வைத்த மேஸ்திரி யாருக்குக் கணக்குச் சொல்வான்? ஆலைத் தொழிலாளிக்கு இது தெரியாததா? பண்ணையார் வைத்த காரியக்காரனை விவசாயத் தொழிலாளி அறியாதவனா?

ஆளை மாற்றினால் போதாது. உளவு ஸ்தாபனம் தேர்தலிலும் தொழிற்சங்கத்திலும் கைவைக்கக் கூடாது. அதன் ஒவ்வொரு காசுக்கும் மக்கள் பிரதிநிதிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும். டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டத்தை முறியடித்தது யார்? சட்டசபை வாசலில் திரண்ட ஜனங்களும், உள்ளே ஓட்டளித்த பிரதிநிதிகளுமே! காவல் அங்கேதான் இருக்கிறது.