மூலை யாருக்கு?

கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் ஒன்று தெருவையே எழுப்புகிறதே, எப்படி சார்? புனலின் ஒடுங்கிய முனையில் பிறக்கிற சத்தம், மெல்ல மெல்ல விரிந்து வெளிக்காற்றோடு சேர்கிறது. கொஞ்சம் கரண்ட்டுக்கு நிறையச் சத்தம்! பி.காம். படித்தவனுக்கு இதைவிட நல்ல வரவு-செலவு ஏது? வீட்டுக்கு ஒன்று செய்யத் தீர்மானித்தேன்.

ஆனால், அந்தக் குழாயில் பாட்டு கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி கேட்காது. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலையே 22 அடி நீளம். அதற்கேற்ற புனலின் வாய் 7 அடி அகலம் வேண்டும். எங்கள் ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு!

நீளத்துக்கு வழி எங்க தூத்துக்குடிக் கடலிலேயே கிடக்கிறது: சங்கு. நீளக் குழாயைச் சுருட்டிக் கைக்குள் அடக்கிய வித்தை. பலகையில் மடித்தும் செய்யலாம். வாய்க்கு வழி, வீட்டு மூலை. இரண்டு சுவரும் தரையும் புனலின் மிச்சமாகிவிடும். எட்டில் ஒரு பங்கு வாய் போதும். 1946-ல் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கிய பால் கிளிப்ஷ் இப்படித்தான் பெயர் வாங்கினார்.

"மூலையா? அங்கதாங்க என் தையல் மெஷின் இருக்கு. போன தடவை கரண்ட் பில் கட்டினதே அதுதான்!" என்றாள் மனைவி.

நியாயம்தானே? 100 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டால் நீளம் பாதி. வாய் அதிலும் கால் பங்கு, ஒன்றேகால் சதுர அடி. மெஷினை ஒன்றரை அடி நகர்த்தினால் போதும். தொப்பிச் சத்தம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே! கரண்ட் இருந்தால்தானே சார், ஸ்பீக்கரே பாடும்?