கிளிமூக்கின் ஆயுள் யாருக்குச் சொந்தம்?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை விழும்போதெல்லாம் ஒரே விளக்கம் எழுகிறது: விளைச்சல் மிகுதி; சென்ற ஆண்டுக் கூழ் கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது; இரகமும் மட்டமானது. முதற்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. மற்ற இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மட்டமான கனியின் கூழை ஓராண்டு பாதுகாத்து வைப்பார் எவர்?

தமிழில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் இக்கனிக்குப் பங்கனப்பள்ளியின் இனிப்பு இல்லை, அல்போன்சாவின் மணமும் இல்லை. தடித்த தோல், இறுகிய சதை, கனிந்த பின்னும் விலகாத புளிப்பு ஆகியவையே இதன் இயல்பு. தட்டில் குறையாகத் தோன்றும் அப்புளிப்பு ஆலையில் பேறாகிறது. அமிலமுள்ள கூழுக்கு அளவான சூடே போதும். நுண்ணுயிர் நீக்கிய பையில் நிரப்பி இரும்புப் பீப்பாயில் அடைத்தால், குளிரூட்டாமலே ஓராண்டுக்கு மேல் நிற்கும்.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் விளையும் செனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையும் புளிப்பினாலேயே பெயர் பெற்றது. அதன் மது பல பத்தாண்டுகள் முதிரும். அங்கே வூவ்ரே ஊரில் திராட்சை வளர்ப்போர் பலர் தாமே மது வடித்து நிலவறையில் வைத்துக் காத்திருப்பர். முதிர்ந்த புட்டிக்கு விலை ஏறும். மாங்கூழ் முதிர்ந்து மேம்படுவதில்லை, நாளடைவில் நிறம் மங்கும் என்பது மெய்தான். ஆயினும் காத்திருக்கும் ஆற்றல் அதற்கும் உண்டு. இங்கே அந்த ஆற்றல் முழுவதும் ஆலையின் பக்கம். உழவர் கையில் பழுத்த பழத்துக்குச் சில நாள்களே ஆயுள்.

2025 ஜூனில் ஆலை வாயில்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றதன் காரணம் இதுவே. ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாய் முழுமையாக வரவில்லை என்பது உழவர்களின் முறையீடு. அதே மாதம் அண்டை மாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அதே கூழாலைகளை நம்பி வாழும் கோலார் உழவரை எதிரியாக்கியது வீண் வேலை.

இரகத்தை மாற்றுங்கள் என்று அறிவுரை கூறுவோர், மாமரம் வெண்டைச்செடி அன்று என்பதை மறக்கின்றனர். மாற்ற வேண்டியவை வேறு. மாம்பானம் என்று விற்கும் புட்டியில் சட்டம் கோரும் பழப்பங்கு நூற்றுக்குப் பத்துதான். அதை உயர்த்தினால் தேக்கம் எனப்படும் கூழ் தானே கரையும். ஒவ்வோர் ஆலையின் இருப்பும் அறுவடைக்கு முன்பே, மே மாதத்தில், பொதுவில் வெளியிடப்பட வேண்டும். இருப்பின் பெயரால் விலையைக் குறைப்பவர் அவ்விருப்பைக் காட்டக் கடமைப்பட்டவர்.

குண்டூரில் மிளகாய் விளைவிப்போர் குளிர்பதனக் கிடங்கில் தம் பெயரிலேயே மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் கடன் பெற்று, விலைக்காகக் காத்திருக்கின்றனர். குளிர்பதனமே வேண்டாத பீப்பாய்க் கூழைச் சித்தூர் உழவர் கூட்டாக, கூலிக்கு அரைத்துத் தம் பெயரில் வைத்துக்கொள்ளவும் அதன்மேல் கடன் பெறவும் அரசு வழி செய்யட்டும்.