படிக்கட்டிலே அமர்ந்த சேலம்!

சேலம் என்றால் மாம்பழம் என்பர், இரும்பு என்பர். நாம் சொல்ல வந்த சேலம் ஊரல்ல தோழர்களே, ஆள்! ஆபிரகாம் பராக் சேலம். கொச்சியிலே 1882-ல் பிறந்த யூதர். குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளிலே இந்தப் பெயர் அதிகம் அடிபட்டிராது. அடிபட வேண்டிய பெயர்!

சென்னையிலே சட்டம் படித்தார், வழக்கறிஞரானார். கொச்சி சமஸ்தானத்துச் சட்டசபையிலே 1925 முதல் 1931 வரை, மீண்டும் 1939 முதல் 1945 வரை உறுப்பினர். 1929-ல் லாகூர் காங்கிரசுக்கும் சென்றவர். காங்கிரசுக்காரரா என்று முகம் சுளிக்க வேண்டாம், மேலே கேளுங்கள்!

சட்டசபையிலே அவருக்கு ஆசனம் உண்டு. சொந்தத் தெருவின் தொழுகைக் கூடத்திலே? இல்லை! மட்டாஞ்சேரியிலே 1568-ல் எழுந்த பரதேசி யூதர் கூடம் அது. வெள்ளை யூதர் உள்ளே பலகையிலே அமர்வர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று சொல்லப்பட்ட சேலத்தின் கூட்டத்தார் முன்கட்டிலே, தரையிலே! வேதம் ஓத அழைப்பில்லை. மாண்டால் இடுகாடும் தனி. நாடு நாடாகத் துரத்தப்பட்ட இனத்தையும், வந்த இடத்திலே பற்றிக் கொண்டதே சாதி!

சேலம் கூடத்தின் படிக்கட்டிலே போய் உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்னியரா அவர்கள்? அண்டை வீட்டார், நாள்தோறும் பார்க்கும் முகங்கள். அன்னிய ஆட்சியை எதிர்த்தால் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. சொந்தத் தெருவை எதிர்ப்பவனுக்குக் கைதட்ட எவர் உளர்? கட்டுகள் மெல்ல மெல்லத்தான் தளர்ந்தன. 1950-ல் அவர் மகன் வெள்ளை யூதர் வீட்டுப் பெண்ணை மணந்தபோது, மணவிழாவுக்குப் பம்பாய் போக நேர்ந்தது!

கொச்சிக்குத் தெற்கேதான் வைக்கம். 1924-ல் நம் ஈரோட்டுப் பெரியார் அங்கே சென்று சிறை புகுந்தாரே, சாமி கும்பிடவா? தெருவிலே நடக்கும் உரிமைக்கு! சேலத்தின் தொழுகை நமக்கு வேண்டாம். ‘தடுக்க நீ யார்?’ என்றாரே, அந்தக் கேள்வி வேண்டும். மேடையிலே வைக்கம் பேசிவிட்டு, ஊர்த் தேநீர்க் கடையிலே தனிக் குவளையைக் கண்டும் காணாததுபோல் நடந்தவர் நம்மிலே இல்லையா? மாமன் வீட்டு வாசலிலே, மச்சான் வீட்டு வாசலிலே போய் உட்கார எத்தனை பேர் தயார்?

1933-ல் பாலஸ்தீனம் சென்று வந்தபின், யூதர் அங்கே குடியேற வேண்டுமென்றார். (அந்த மண்ணின் அரபு மக்கள் பட்ட பாடு தனி வழக்கு. அதிலே நாம் சேலத்தின் பக்கமல்ல.) அங்கும் ஒரு கதவு! யானைக்கால் நோய் வந்துவிடும் என்று மலபார் யூதரை ஏற்க இஸ்ரேல் தயங்கிற்று. 1953-ல் நேரிலே போய் வாதாடினார் சேலம், முன்பு தம் கூட்டத்தாருக்காக வாதாடியதுபோலவே. 2,000-க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் போய்ச் சேர்ந்தனர்.

வழக்காடியவர் போகவில்லை. 1967-ல் கொச்சியிலேயே கண் மூடினார்.