மாயா பே: காசு கொடுத்துப் போயும் நீந்த விடாதது நியாயமா?

ஃபூகெட் டூர் பேக்கேஜ் எதைப் பார்த்தாலும் கண்ணில் படுகிற இடம் மாயா பே. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் சுற்றி நிற்க, நடுவே பச்சையும் நீலமும் கலந்த கடல், மாவு போன்ற வெள்ளை மணல். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் வரலாம் என்று தாய்லாந்து கதவைத் திறந்தது. 2024-ல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த நாட்டுக்குப் போனார்கள். அதில் ஐ.டி. நண்பர்கள் பட்டாளமும் உண்டு, புதுமண ஜோடிகளும் உண்டு.

ஆனால், மாயா பேயில் இறங்கியதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. கடலில் நீந்த அனுமதி இல்லை. முழங்கால் நனையும் வரை நிற்கலாம், அவ்வளவுதான். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 400 பாட். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் கடற்கரையே மூடியிருக்கும். சுதந்திர தின லாங் வீக்கெண்டுக்கு ஆசையாக டிக்கெட் போட்டவர்கள், தூரத்தில் படகில் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

“இவ்ளோ செலவு பண்ணி வந்துட்டு, காலை மட்டும் நனைச்சுட்டுப் போறதா?” என்று கேட்கத் தோன்றும். கேட்பவர் மீது தப்பில்லை. ஆனால் அந்தக் கடற்கரை பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் அதிகமில்லை என்பது புரியும்.

ஒரு சினிமா செய்த வேலை

மாயா பே இருப்பது ஃபி ஃபி லே என்ற ஆளில்லாத சின்னத் தீவில். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000-ல் வெளியான ‘தி பீச்’ படம் இங்கேதான் எடுக்கப்பட்டது. வெளியுலகம் அறியாத சொர்க்கக் கடற்கரை ஒன்றைத் தேடிப்போகும் இளைஞனின் கதை அது. வேடிக்கை என்னவென்றால், இருந்த சொர்க்கம் படக்குழுவுக்குப் போதவில்லை. மணல்மேடுகளைச் சமன் செய்து, தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கடற்கரையைச் சீரமைப்பது வனத்துறையின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2022 செப்டம்பர் ஆகிவிட்டது. படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனம் சீரமைப்புக்கு 1 கோடி பாட் தர ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே, படத்தைப் பார்த்துக் கிளம்பிய கூட்டம் பெரிய சேதத்தைச் செய்துவிட்டது. கடற்கரையின் நீளம் சுமார் 250 மீட்டர். அங்கே ஒரே நாளில் 5,000 பேர் வரை வந்து இறங்கினார்கள். கணக்குப் போட்டால் ஒரு மீட்டருக்கு 20 பேர். காணும் பொங்கலன்று மெரினாவைப் பார்த்தவர்களுக்கு இந்த நெரிசல் புதிதில்லை. ஆனால் மெரினாவின் நீளம் கிலோமீட்டர் கணக்கில். தவிர, அங்கே மிதிபடுவதற்குப் பவளப்பாறையும் இல்லை.

பவளப்பாறை பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிரினம். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டுகிற வீடு. உருண்டையாக வளரும் பவளங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். மேலே ஒரு ஸ்பீடுபோட் நங்கூரத்தைப் போட்டு இழுத்தால், பல பத்தாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் உடைந்துவிடும். அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் தினமும் 200 படகுகள் வரை வந்து போயின.

நாலு மாதம் போதவில்லை

2018 ஜூன் 1-ம் தேதி மாயா பே மூடப்பட்டது. நாலு மாதத்தில் திறந்துவிடலாம் என்பதுதான் திட்டம். போதாது என்று தெரிந்ததும் காலவரையின்றி நீட்டித்தார்கள். முழுதாக மூன்றரை வருடம். கொரோனா வந்தது அதற்கு நடுவில்தான். உலகமே வீட்டுக்குள் முடங்குவதற்கு முன்பே இந்தக் கடற்கரைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளை வளர்த்து, கடலடியில் நட்டார்கள். சுறாக்கள் யாரும் நடாமல் தாமாகவே திரும்பி வந்தன. துடுப்பின் நுனி கறுத்த, ஆளை ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிப் போகும் வகை. குட்டிகள் பெரிய மீன்களிடமிருந்து தப்பி வளர ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். அதாவது, சுற்றுலாப் பயணி குளிக்க ஆசைப்படுகிற அதே இடம். நீந்தத் தடை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2022 ஜனவரி 1-ல் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. விரிகுடாவுக்குள் படகு வரக் கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி, மரப் பாதையில் நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கும் வந்தது. அந்த எண்ணிக்கை பிறகு 375 ஆனது.

ஆபீஸில் வருடத்துக்கு இத்தனை நாள் லீவு என்று இருப்பதுபோல, கடற்கரைக்கும் இரண்டு மாத லீவு. மழையும் அலையும் அதிகமாக இருக்கிற பருவத்தையே இதற்குத் தேர்ந்தெடுத்திருப்பது புத்திசாலித்தனம். படகுக்காரர்களின் நஷ்டமும் குறைவு.

மூடினால் யாருக்கு அடி?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அதே 2018-ல் பிலிப்பைன்ஸ் அரசு, பொராகாய் தீவை ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் மூடியது. கழிவுநீரைக் கடலில் விட்டது ஓட்டல்கள். அதைக் கண்டும் காணாமல் இருந்தது நிர்வாகம். ஆனால் சம்பளம் இல்லாமல் தவித்ததில் அறை கூட்டுபவர்களும் படகு ஓட்டுபவர்களும் இருந்தார்கள். நிலைமை கைமீறிய பிறகு திடீரென்று பூட்டுப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஹவாயின் ஹனௌமா பேயில் வேறு ஏற்பாடு. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடுமுறை. மற்ற நாட்களில் தண்ணீரில் இறங்கும் முன் வீடியோ ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். என்றைக்கு வேலை, என்றைக்கு ஓய்வு என்பது அங்கே பிழைப்பு நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மாயா பேயின் இரண்டு மாதக் கணக்கும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கடற்கரையைப் பூட்டினால் படகுகள் பக்கத்துக் கடற்கரைக்குத்தானே போகும்? அங்கேயும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால், சேதம் வீடு மாறிய கதைதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தபோது எழுந்த முணுமுணுப்பும் இதே ரகம். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாயா பேயின் பழைய ஃபோட்டோக்களே போதும்.

இதில் டூர் ஏஜென்ட்டுகளுக்கும் பொறுப்பு உண்டு. நீந்த முடியாது, ஆகஸ்ட்டில் போக முடியாது என்ற இரண்டு வரியை பேக்கேஜ் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால், ஏமாந்த உணர்வு பாதி குறைந்துவிடும். பையில் வைக்கிற சன்ஸ்கிரீனையும் பார்த்து வாங்க வேண்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நாலு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களுக்குத் தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை. அபராதம் 1 லட்சம் பாட் வரை.

போகிறவர்கள் காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே போவது நல்லது. முழங்கால் தண்ணீரில் சத்தமில்லாமல் நின்றால், கறுப்பு நுனித் துடுப்போடு ஒரு சுறாக் குட்டி கரையோரமாகவே கடந்து போகலாம்.